டோக்கியோவில் உயர்தர ஜப்பானிய உணவகம்: இடம் பிடிப்பதிலிருந்து பில் கட்டுவது வரை

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்தவர்களும் சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் கேட்கும் கேள்விகளில் இது ஒன்று: "ஒரு தடவையாவது நல்ல பெரிய ஜப்பானிய ரெஸ்டாரண்டில் சாப்பிடணும், எப்படிப் போறது?" ராமென் கடைக்கும், பெல்ட்டில் சுஷி சுற்றி வரும் கடைக்கும் வழிகாட்டி தேவையில்லை. போய் உட்கார்ந்தால் ஆயிற்று. நான் சொல்லப்போவது இரவுச் சாப்பாட்டுக்குத் தலைக்கு 20,000 யென்னுக்கு மேல் வாங்கும், எட்டுப் பத்து இருக்கை மட்டுமே உள்ள கடைகளைப் பற்றி. அங்கே நேரே போய் நின்றால், எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் பணிவாகத் தலைகுனிந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்களுக்கும் அலுவலக விருந்தினருக்கும் இடம் பிடித்துக் கொடுத்து நான் பட்ட பாட்டில் தெரிந்துகொண்டது இதுதான்: சாப்பிடும் அந்த இரண்டரை மணி நேரத்தில் உங்களுக்குப் பெரிதாக ஒரு வேலையும் கிடையாது. முன்பதிவுப் படிவத்தில் என்ன எழுதினீர்கள், எந்த விதிக்கு டிக் போட்டீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் கடைக்குள் நுழைவதற்கு முன்னால் செய்ய வேண்டியவைதான்.

1. எந்த வகைக் கடை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"ஜப்பானிய உணவகம்" என்று பொதுவாகத் தேடினால் குழப்பமே மிஞ்சும். பெரிய கடைகள் பெரும்பாலும் ஒரே வகையை மட்டுமே செய்பவை. சுஷி என்றால் சுஷி, தெம்புரா (மாவில் தோய்த்துப் பொரிப்பது) என்றால் தெம்புரா. பல சின்னச் சின்ன உணவுகளாக, ஒரு வரிசைப்படி, பருவத்துக்கு ஏற்றபடி வருவது காய்சேகி. அந்த மரபை எடுத்துக்கொண்டு தங்கள் போக்கில் மாற்றிச் செய்யும் புதுப் பாணிக் கடைகள் இன்னொரு வகை.

புதியவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கடைசி வகையைத்தான். மினாமி அவோயாமாவில் இருக்கும் நாரிசாவா, ஜிங்குமாயேயில் இருக்கும் டென், ஹிபியாவில் இருக்கும் ரியூகின் எல்லாம் உலகம் அறிந்த பெயர்கள். நாரிசாவா 2013-லும் டென் 2022-லும் ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்தவை. நாரிசாவாவில் ரொட்டி மாவு உங்கள் மேஜை மேலேயே பொங்கி எழும். டென்னில் கோழி இறக்கை, துரித உணவுக் கடைப் பெட்டியைக் கிண்டல் செய்யும் ஒரு அட்டைப் பெட்டியில் வரும். சாலடில் கேரட் துண்டு உங்களைப் பார்த்துச் சிரிக்கும். இப்படிப்பட்ட இடங்களில் வெளிநாட்டவர் வருவது சகஜம். ஆங்கிலத்தில் பதில் வரும். முறை தெரியாமல் எதையாவது செய்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கின்ஸாவின் பழைய சுஷி கவுன்டர்கள் வேறு உலகம். சிலவற்றில் ஏற்கெனவே வந்து போன ஒருவர் அழைத்துப் போனால்தான் உண்டு. புகழ்பெற்ற சுகியாபாஷி ஜிரோ தலைமைக் கடையையே, பொதுமக்கள் சாதாரணமாக முன்பதிவு செய்ய வழியில்லை என்பதால் 2020 பதிப்பிலிருந்து, உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்துத் தரம் சொல்லும் மிஷெலின் கையேடு விட்டுவிட்டது. சமையல் மட்டமாகிவிட்டது என்பதால் அல்ல. எனவே முதல் அனுபவத்துக்கே அந்த மாதிரி இடத்தைக் குறிவைத்து மாதக்கணக்கில் அலையாதீர்கள்.

2. செலவைக் கூட்டிப் பாருங்கள்

இணையத்தில் போட்டிருக்கும் கோர்ஸ் (வரிசையாக வரும் முழுச் சாப்பாடு) விலையும் கடைசியில் பில்லில் வரும் தொகையும் ஒன்றாக இருக்காது. 2021 ஏப்ரலிலிருந்து விற்பனை வரியைச் சேர்த்து மொத்த விலையைக் காட்ட வேண்டும் என்று ஜப்பானில் விதி வந்துவிட்டது. சேவைக் கட்டணம் மட்டும் பல கடைகளில் தனியாகத்தான் வரும். சாதாரணமாக 10 சதவீதம், ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 15 சதவீதம் வரை போகும்.

ஒரு கணக்குப் போடலாம். வரிக்கும் சேவைக்கும் முன் கோர்ஸ் 30,000 யென் என்று வையுங்கள். சேவை 10 சதவீதம் சேர்ந்தால் 33,000. அதன் மேல் வரி 10 சதவீதம் சேர்ந்தால் 36,300. இன்னும் நீங்கள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாக்கே என்னும் அரிசி மது வகைகளை ஒவ்வொரு உணவுக்கும் பொருத்தித் தரும் தொகுப்பை எடுத்தால் இன்னொரு 10,000 யென் எளிதாக ஏறும். ஒரு யென் சுமார் 55 முதல் 60 பைசா என்று வைத்தால், குடிக்காமல் ஒருவருக்கு 20,000 ரூபாயைத் தொட்டுவிடும்.

இது அதிகம் என்று தோன்றினால் ஒரு நல்ல வழி இருக்கிறது: மதியம் போங்கள். அதே சமையல்காரர், அதே பாத்திரங்கள், கொஞ்சம் சின்ன கோர்ஸ். பல கடைகளில் இரவு விலையில் பாதிதான் ஆகும். 10,000 முதல் 15,000 யென்னுக்குள் மிக நல்ல மதியச் சாப்பாடு கிடைக்கும். இடமும் கொஞ்சம் எளிதாகக் கிடைக்கும். முதல் தடவை போகிறவர்கள் ஏன் எல்லாரும் இரவையே கேட்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. எல்லாக் கடையும் மதியம் திறப்பதில்லை, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடிக்காதவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில இடங்களில் ஆளுக்கு ஒரு பானமாவது வாங்கியாக வேண்டும் என்று படிவத்தின் அடியில் எழுதியிருப்பார்கள். தேநீர், பழச்சாறு என்று மது இல்லாத தொகுப்பும் இப்போது பல கடைகளில் உண்டு. அது மலிவு என்று நினைக்க வேண்டாம்.

3. தேதியைக் குறியுங்கள்

டோக்கியோவுக்கு மீன் வரும் மொத்தச் சந்தை டொயோசு. 2018 அக்டோபரில் சுகிஜியிலிருந்து அங்கே மாறியது. அந்தச் சந்தைக்கு ஞாயிறு விடுமுறை, பல புதன்கிழமைகளும் விடுமுறை. அதனால் மீனை நம்பும் கடைகள் பலவும் அந்த நாட்களில் மூடியிருக்கும். பயணத்தில் ஞாயிறு இரவு மட்டும்தான் காலி என்றால் தேடும் வட்டம் பாதியாகச் சுருங்கிவிடும்.

புத்தாண்டையொட்டி டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி 4 வரை, ஏப்ரல் கடைசி மே முதல் வாரத்து விடுமுறைகள், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் ஆகிய காலங்களில் கடையே இருக்காது, அல்லது இடம் இருக்காது.

பருவமும் முக்கியம். வசந்தத்தில் மூங்கில் குருத்து, கோடையில் ஆயு என்னும் ஆற்று மீன், இலையுதிர் காலத்தில் மட்சுதாகே காளான், குளிர்காலத்தில் நண்டும் ஃபுகு மீனும் வரும். சைவக்காரர்களை அழைத்துப் போவதாக இருந்தால் வசந்தமும் இலையுதிர் காலமும் நல்லவை. நண்டுக் காலத்தில் போனால் சமையல்காரரின் மனம் முழுக்க நண்டிலேயே இருக்கும்.

4. முன்பதிவு

மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, இணையத் தளங்கள். டேபிள்செக், ஒமகாசே, பாக்கெட் கான்சியர்ஜ், டேபிள்ஆல் ஆகியவற்றில் ஆங்கிலத்திலேயே பதிவு செய்யலாம். சில தளங்கள் ஆளுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் எடுக்கும், அது சாப்பாட்டுக் கணக்கில் கழியாது. சிலவற்றில் முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்ட வேண்டும். டபெலாக் உள்ளூர்க்காரர்கள் பயன்படுத்துவது. அதில் மதிப்பெண் பார்க்கும்போது 5-க்கு 3.5 வந்தாலே நல்ல கடை என்று பொருள். 4 என்றால் உச்சம். நம் ஊர் ஆப்களில் 4.5-க்குக் குறைந்தால் ஒதுக்கும் பழக்கத்தோடு அதைப் பார்த்தால் நல்ல கடை எல்லாம் கைநழுவிப் போகும்.

இரண்டு, ஹோட்டலின் கான்சியர்ஜ், அதாவது தங்குபவர்களுக்கு வெளி ஏற்பாடுகளைச் செய்து கொடுக்கும் ஊழியர். நல்ல ஹோட்டலில் தங்கினால், அறை உறுதியானதும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். மூன்று கடைப் பெயர், மூன்று தேதி, எத்தனை பேர், என்னென்ன சாப்பிட மாட்டார்கள், உச்சபட்ச விலை, இவ்வளவும் ஒரே மின்னஞ்சலில் இருக்கட்டும். வெளிநாட்டு எண்ணிலிருந்து வரும் அழைப்பை ஏற்காத கடைகூட ஹோட்டல் பேசினால் ஏற்கும். நீங்கள் வராவிட்டால் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்பதுதான் காரணம். உயர் ரக கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு அந்த கார்டு நிறுவனத்தின் உதவி எண்ணும் இதே வேலையைச் செய்யும்.

மூன்று, நேரே தொலைபேசி. ஜப்பானிய மொழி பேசும் நண்பர் இருந்தால் மட்டும். மதியம் 2 முதல் 4 வரை அழைக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரத்தில் அழைத்தால் எடுக்கவே மாட்டார்கள்.

பல கடைகள் மாதத்தின் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணிக்கு அடுத்த மாத இடங்களைத் திறக்கின்றன. மாதத்தின் 1-ஆம் தேதி என்பது பரவலான வழக்கம். அது தட்கல் டிக்கெட் போடுவது போலத்தான்: திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஜப்பான் நேரம் இந்திய நேரத்தைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். டோக்கியோவில் காலை 10 மணி என்றால் சென்னையில் காலை 6.30. டோக்கியோ நள்ளிரவு 12 என்றால் சென்னையில் முந்தின நாள் இரவு 8.30. தேதியே மாறுவதால் இந்த இரண்டாவது கணக்கை ஒரு தரம் தாளில் எழுதிப் பாருங்கள். கணக்குத் தொடங்குவது, கார்டைப் பதிவு செய்வது எல்லாவற்றையும் முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

படிவம் நிரப்பும்போது கால் தடுக்கும் இடங்கள் சில உண்டு:

வெளியூர்க்காரர்களுக்கு வங்கியின் ஓடிபி ஒரு தலைவலி. ஜப்பானுக்கு வந்து உள்ளூர் சிம் போட்டுக்கொண்டு, இந்திய கார்டில் பதிவு செய்யப் பார்த்தால் ஓடிபி இந்திய எண்ணுக்குப் போய்விடும். இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள், அல்லது கிளம்பும் முன்பே பதிவை முடியுங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் திறந்துவிடவும் மறக்க வேண்டாம்.

பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். சில தளங்கள் பெயரை மாற்ற விடாது. இன்னொருவர் பெயரில் எடுத்த இடத்தை விலைக்கு விற்கும் ஆட்கள் சமூக ஊடகங்களில் இருக்கிறார்கள். வாங்காதீர்கள். வாசலில் பெயர் ஒத்துப்போகாவிட்டால் பணமும் போகும், சாப்பாடும் போகும்.

தனியாகப் போகிறீர்களா? பல தளங்கள் இரண்டு பேருக்குக் குறைந்தால் இடமே இல்லை என்று காட்டும். கவுன்டர் கடைகளில் ஒற்றை இருக்கை கடைசி நேரத்தில் காலியாவது உண்டு. ஹோட்டல் வழியாகக் கேட்டுப் பாருங்கள்.

குழந்தைகளோடு வருகிறவர்கள் வயது வரம்பைப் பாருங்கள். கவுன்டரில் 10, 12 வயதுக்குக் கீழ் அனுமதிக்காத கடைகள் ஏராளம். குழந்தைக்கும் முழு கோர்ஸ் வாங்க வேண்டும் என்பதும் பொதுவான விதி. தனி அறை உள்ள காய்சேகிக் கடைகள் சில இதில் தாராளமாக இருக்கும்.

5. என்ன சாப்பிட மாட்டீர்கள் என்பதை முன்னாலேயே எழுதுங்கள்

நம் ஆட்கள் அதிகம் அவதிப்படுவது இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தக் கடைகளில் மெனு கார்டு கிடையாது. ஒமகாசே என்றால் சமையல்காரர் பொறுப்பில் விட்டுவிடுவது. அவர் அன்றைக்கு எத்தனை பேரோ அத்தனை பேருக்கு மட்டும் அளந்து வாங்கி வைத்திருப்பார். உட்கார்ந்த பிறகு "நான் மாடு சாப்பிட மாட்டேன்" என்றால், மாற்றிக் கொடுக்க உள்ளே எதுவும் இருக்காது. தட்டு காலியாகப் போகும், அல்லது ஒரு உணவு குறையும். பணம் குறையாது.

மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்றால் சிக்கல் இல்லை. முன்பே சொன்னால் பெரும்பாலான கடைகள் மீனோ வாத்தோ கொடுத்துவிடும். சொல்லாவிட்டால் வாக்யூ என்னும் ஜப்பானிய மாட்டிறைச்சி வந்தே தீரும், அதைத்தான் அவர்கள் பெருமையாக நினைக்கிறார்கள்.

சைவம்தான் கஷ்டம். காரணம் தாஷி. ஜப்பானிய சமையலின் அடிப்படைச் சாறு அது. கோம்பு என்னும் கடற்பாசியையும் கட்சுவோபுஷியையும் வெந்நீரில் ஊறவைத்து எடுப்பார்கள். கட்சுவோபுஷி நம் தூத்துக்குடிப் பக்கத்திலும் இலங்கையிலும் புழங்கும் மாசிக் கருவாட்டின் நெருங்கிய சொந்தம். இரண்டுமே சூரை மீனை வேகவைத்துக் காயவைத்துச் செய்வதுதான். வெந்த காய்கறி, முட்டை, டோஃபு, மிசோ சூப், ஊறுகாய், சோறு என்று எதில் வேண்டுமானாலும் இந்தச் சாறு இருக்கும். பார்த்தால் தெரியாது. "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால், இறைச்சித் துண்டு இல்லாத தட்டு என்று புரிந்துகொள்வார்கள். மீன்சாறு அவர்கள் கணக்கில் வராது.

ஒரு கடையில் என் அண்ணிக்குச் சைவம் என்று சொல்லியே பதிவு செய்திருந்தோம். அழகான கத்தரிக்காய் வந்தது. தோலுரித்து, சுட்டு, குளிர்ந்த சாற்றில் மிதந்தது. மேலே மட்டும் மீன் சீவல் தூவவில்லை. ஒரு வாய் வைத்ததுமே அண்ணி என்னைப் பார்த்தார். மூடியிருந்த கிண்ணத்தைத் திறக்கும்போதே எனக்கும் அந்த வாசனை தெரிந்துவிட்டது. பரிமாறியவரைக் கேட்டால், "ஆமாம், தாஷி மட்டும்தான்" என்றார், நல்ல மனதோடு.

எனவே உருப்படி உருப்படியாக எழுதுங்கள். இறைச்சி, கோழி, மீன், இறால், நண்டு, சிப்பி, மீன் சாறு, இறைச்சிச் சாறு ஆகியவை கூடாது. முட்டையும் பாலும் பரவாயில்லை, அல்லது கூடாது. வெங்காயம், பூண்டு எப்படி என்பது உட்பட. கடற்பாசியும் காளானும் மட்டும் போட்ட தாஷி சம்மதம் என்று சேர்த்தால் அவர்களுக்கு வேலை எளிதாகும். தொலைபேசியில் நண்பர் சொல்வதாக இருந்தால் இந்த ஒரு வரி போதும்: "நிகு, சகானா, எபி, கனி, காய்ருய், கட்சுவோ நோ தாஷி வா தாபெராரெமாசென்." இறைச்சி, மீன், இறால், நண்டு, சிப்பி வகை, கட்சுவோ தாஷி சாப்பிட முடியாது என்று அர்த்தம்.

இதைப் படித்துவிட்டு "எங்களால் முடியாது, மன்னிக்கவும்" என்று கடை சொன்னால் சந்தோஷப்படுங்கள். நேர்மையான கடை அது. சுஷிக் கடைகள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்லும். கெஞ்சி இடம் வாங்கினால் உங்களுக்கு வெள்ளரிக்காய்ச் சுருளும் ஊறுகாயும்தான் மிஞ்சும், விலை முப்பதாயிரம்.

சுத்த சைவக்காரர்களுக்கு வேறு வழி உண்டு. புத்த மடங்களில் பிறந்த ஷோஜின் சமையல் அடிப்படையில் தாவர உணவு. அதை உயர்தரமாகச் செய்யும் கடை என்றால் அடாகோவில் இருக்கும் டாய்கோவின் பெயர் முதலில் வரும். அங்கேயும் சரி, வேறு ஷோஜின் கடைகளிலும் சரி, தாஷியில் மீன் உண்டா என்று கேட்டு, இல்லை என்று உறுதிசெய்த பிறகே பணம் கட்டுங்கள். ஜப்பானிய சமையல்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் கின்ஸாவில் ஷிசெய்டோ கட்டடத்தில் இருக்கும் ஃபாரோ இத்தாலியப் பாணியில் வீகன் கோர்ஸுக்குப் பெயர் போனது.

ஹலால் பார்ப்பவர்களுக்கு: இறைச்சியை விட்டாலும் மிரின் என்னும் இனிப்பு அரிசி மதுவும் சமையல் சாக்கேயும் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கும். இரண்டிலும் ஆல்கஹால் உண்டு. அதையும் தனி வரியாக எழுத வேண்டும். ஒவ்வாமை என்றால் "பிடிக்காது" என்று எழுதாமல் ஒவ்வாமை என்றே எழுதுங்கள், இரண்டையும் அவர்கள் வேறு வேறாக நடத்துகிறார்கள்.

6. ரத்து விதியைப் படியுங்கள்

மூன்று நாளுக்கு முன் வரை இலவசம், முந்தின நாள் 50 சதவீதம், அன்றைக்கே ரத்து செய்தாலும் வராவிட்டாலும் 100 சதவீதம். கடைக்குக் கடை மாறும், ஆனால் இந்த மாதிரித்தான் இருக்கும். ஒரு வாரத்துக்கு முன்பே 100 சதவீதம் எடுக்கும் கடைகளும் உண்டு. நான்கு பேர், ஆளுக்கு 30,000 யென் என்றால் 1,20,000 யென். ஃப்ளைட் தாமதம், காய்ச்சல் என்ற காரணமெல்லாம் செல்லாது. அதனால் வந்திறங்கும் நாளன்று இரவு இப்படிப்பட்ட சாப்பாட்டை வைக்கவே கூடாது. இரண்டாம் நாளுக்குப் பிறகு வையுங்கள்.

நான்கு பேரில் ஒருவர் மட்டும் வரவில்லை என்றாலும் அவர் பங்கு உண்டு. அவருக்குப் பதில் இன்னொருவரை அழைத்துப் போக முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். புது ஆளின் உணவுக் கட்டுப்பாட்டையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

ஒன்றிரண்டு நாளுக்கு முன் கடையிலிருந்து உறுதிசெய்யும் மின்னஞ்சலோ அழைப்போ வரும். பதில் சொல்லாவிட்டால் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்று சில கடைகள் விதியிலேயே எழுதியிருக்கின்றன. அந்த வாரம் ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள்.

7. கையில் இருக்க வேண்டியவை

முன்பதிவு உறுதிக் கடிதத்தின் ஸ்கிரீன்ஷாட், பதிவு செய்த கார்டு, பாஸ்போர்ட், கடையின் ஜப்பானிய மொழிப் பெயரும் முகவரியும், கடையின் தொலைபேசி எண். உணவுக் கட்டுப்பாட்டை ஜப்பானிய மொழியில் எழுதிய ஒரு தாள், ஜப்பானிய நண்பர் யாராவது சரிபார்த்ததாக இருந்தால் நல்லது. கொஞ்சம் ரொக்கம், கார்டு வாங்காத பழைய கடைகள் இன்னும் இருக்கின்றன.

உடை விஷயத்தில் கோட், டை எல்லாம் வேண்டாம். ஆண்கள் அரை டிராயர், செருப்பு தவிர்த்தால் போதும். புடவை தாராளமாகக் கட்டலாம். ஆனால் சென்ட் கூடவே கூடாது. சில கடைகள் படிவத்திலேயே எழுதியிருப்பார்கள், வாசலில் திருப்பி அனுப்பவும் செய்வார்கள். எட்டுப் பேர் தோள் உரச உட்காரும் இடத்தில் சாற்றின் மணமும் சோற்றின் மணமும்தான் சாப்பாட்டில் பாதி. தலை நிறைய மல்லிகை வைத்துக்கொள்வதையும் அன்று ஒருநாள் விட்டுவிடுங்கள். பாய் விரித்த அறை என்றால் செருப்பை வெளியே விட வேண்டும், ஓட்டையில்லாத சாக்ஸ் முக்கியம்.

8. போய்ச் சேருவது

டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. முகவரி என்பது வட்டாரம், தொகுதி, கட்டட எண் என்று போகும். வரைபடம் உங்களைச் சரியான கட்டடத்தின் முன்னால் கொண்டு வந்து நிறுத்திவிடும். அப்புறம்தான் சிக்கல். கடை கீழ்த்தளத்தில் இருக்கலாம், ஏழாவது மாடியில் இருக்கலாம். பெயர்ப்பலகை உள்ளங்கை அளவில் ஜப்பானிய எழுத்தில் மட்டும் இருக்கும். அதனால்தான் ஜப்பானியப் பெயரைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன், எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ரயில் நிலையத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள். ஷிஞ்சுகு, ஷிபுயா போன்ற நிலையங்களில் சரியான வாசல் கண்டுபிடிக்கவே நேரம் ஆகும். ஆனால் கடைக்குள் ஐந்து நிமிடத்துக்கு முன் போக வேண்டாம். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பரிமாறத் தொடங்கும் கடைகளில் தாமதமாக வருபவருக்காகக் காத்திருக்க மாட்டார்கள். 15 நிமிடம் தாண்டினால் வராதவர் கணக்கில் சேர்க்கும் கடைகளும் உண்டு. பத்து நிமிடத் தாமதம் என்றாலும் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

9. உட்கார்ந்த பிறகு

கவுன்டர் பலகை பல கடைகளில் ஹினோக்கி என்ற சைப்ரஸ் வகை மரம். பூச்சு எதுவும் போடாமல் இழைத்து வைத்திருப்பார்கள். தொட்டால் பட்டு மாதிரி இருக்கும், நகம் பட்டாலே கீறும். வளையல், கடிகாரம், பெரிய மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். போனையும் அதன் மேல் வைக்காதீர்கள். உணவு முறைகளில் நாம் செய்யும் சின்னப் பிழையைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளும் சமையல்காரர், இந்தப் பலகையில் வளையல் உரசும் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பார்.

முதலில் வரும் சூடான துண்டு கை துடைக்க மட்டும். குச்சியைச் சோற்றில் குத்தி நிறுத்துவது, ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவு மாற்றுவது இரண்டும் இறப்புச் சடங்கோடு தொடர்புள்ளவை, தவிர்த்துவிடுங்கள். சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடலாம், நமக்கு அது சௌகரியம்தான். வைத்த உடனே சாப்பிட வேண்டும். படம் எடுக்கக் கேட்டுக்கொண்டு, ஃபிளாஷ் இல்லாமல் ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள்.

மூடி போட்ட சூப் கிண்ணம் திறக்க மறுக்கும். கிண்ணத்தின் இரண்டு பக்கமும் விரலால் லேசாக அழுத்தினால் காற்று புகுந்து மூடி கழன்று வரும். மூடியை மல்லாத்தி வைக்க வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள், வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்யுங்கள். கிண்ணத்தைக் கையில் எடுத்து வாய் வைத்துக் குடிப்பதுதான் முறை.

காய்சேகி வகைச் சாப்பாட்டில் சோறு கடைசியில்தான் வரும். அதுவரை வருவதெல்லாம் சின்னச் சின்னத் தட்டு என்பதால் "இவ்வளவுதானா" என்று தோன்றும், பொறுங்கள். சோறு மண்சட்டியோடு வரும். உங்கள் முன்னால் மூடியைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே எடுத்துப்போய்க் கிளறிப் பரிமாறுவார்கள். இரண்டாவது முறை கேட்கலாம், தவறில்லை. சட்டியில் மீந்ததை உருண்டையாகப் பிடித்து, கட்டிக் கொடுக்கும் கடைகளும் உண்டு. கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மறுநாள் காலைக்கு ஆகும்.

10. பில்

டிப் கிடையாது. வைத்துவிட்டு வந்தால் தெருவரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். கார்டு இயந்திரம் "யென்னா, ரூபாயா" என்று கேட்டால் யென்னைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதத்தில் நஷ்டம் உங்களுக்கு. பல இந்திய கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டியும் உண்டு. இரண்டு பேர் 72,600 யென் கட்டினால் இதற்கே சுமார் 3,000 யென் போகும். அந்தக் கட்டணம் இல்லாத கார்டு இருந்தால் அதைக் கொண்டுவாருங்கள்.

ஆளுக்கு ஆள் பிரித்துக் கட்ட விரும்ப மாட்டார்கள். ஒருவர் கட்டிவிட்டுப் பிறகு கணக்குத் தீர்த்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் பணம் கோர வேண்டுமானால் "ரியோஷூஷோ" கேளுங்கள், நிறுவனப் பெயர் எழுதி முறையான ரசீது தருவார்கள். கிளம்பும்போது சமையல்காரரைப் பார்த்து "கோச்சிசோசாமா தெஷிதா" என்று சொல்வது வழக்கம். அவர் வாசல் வரை வந்து வழியனுப்பினால் வியக்க வேண்டாம்.

இரவு 8.30 மணிச் சுற்றில் இடம் கிடைத்தவர்கள் கடைசி ரயில் நேரத்தை முன்பே பார்த்துவையுங்கள். பல தடங்களில் நள்ளிரவையொட்டி நின்றுவிடும். டாக்ஸி குறைந்தபட்சக் கட்டணம் 500 யென்னையொட்டி இருக்கும். இரவு 10 மணிக்கு மேல் 20 சதவீதம் கூடுதல். கின்ஸாவிலிருந்து, நம் ஆட்கள் அதிகம் குடியிருக்கும் நிஷி கசாய் வரை டாக்ஸியில் போனால், மதியச் சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கலாம் என்று நான் சொன்ன பணத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும்.